வாலில் இருந்த பால்மரம்

முறுக்கு மாவு நிறுக்க என் மனைவி வாங்கி வைத்திருந்த தராசின் மேல் ஒரு விமானம் மல்லாந்து கிடந்தது. ஆறடி இறக்கை. ஒரு முனை குளிர்சாதனப் பெட்டியை உரச, மறுமுனை சாமி மேடையில் இருந்த முருகனின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் மேசையோடு குனிந்து இறக்கைக்குக் கீழே தலையை நுழைத்து, அதன் நிழலில் ஒளிந்துகொண்ட தராசு எண்ணைக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்தேன். மூன்று கிலோ நானூற்றுப் பத்து கிராம். எங்கள் மகள் பிறந்தபோது ஏறக்குறைய இதே எடைதான் இருந்தாள். அன்றைக்கு அவளைக் கையில் வாங்கியபோது எனக்கு வந்த பயமும் இப்போது வந்த பயமும் ஒரே ரகம். அன்றாவது பக்கத்தில் ஒரு தாதி இருந்தார்.

அந்த விமானம் மச்சானுடையது. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். யாராவது மச்சான் என்று கூப்பிட்டு இருவரும் திரும்பிப் பார்த்த சம்பவங்கள் எங்கள் குடும்பத்தில் நிறைய உண்டு. கோலா கங்சார் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரத்தை வெட்டிய பெற்றோருக்குப் பிள்ளை. தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாக மாறியபோது ஈப்போவுக்கு வந்து, ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் அதே பால்மரத்தைப் பலகையாக அறுக்கும் வேலையில் சேர்ந்தார். அங்கே மிஞ்சும் துண்டுகளுக்கு அவர் வீட்டில்தான் அடைக்கலம். அக்காவின் தோசைக் கரண்டிக்குப் பிடி, கதவுக்கு முட்டு, ஆடும் மேசைக்கு நாலாவது கால், எல்லாம் பால்மரம். எது உடைந்தாலும் அவர் கை தானாக அந்தத் துண்டுகள் இருந்த சாக்குக்குப் போகும். "நமக்குச் சோறு போட்ட மரம் மச்சான், கைவிடாது" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ரிமோட்டில் ஓடும் விமானம் விடுவார். அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் அரைநாள் பேசமாட்டார். துணைக்கு என்னைக் கூட்டிப்போவார். நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன், ஊருக்கெல்லாம் தூரப்பார்வை சரிசெய்பவன். ஆனால் விமானம் கொஞ்சம் தூரம் போய்விட்டால் அது வருகிறதா போகிறதா என்று எனக்கே தெரியாது. மேலே ஏற்றுவது, வட்டம் அடிப்பது எல்லாம் செய்வேன், பார்ப்பவர்கள் கைதட்டும் அளவுக்கு. இறக்குவது மட்டும் என்னால் ஆகாது. "மச்சான், பிடி, பிடி" என்று ரிமோட்டை வலப்பக்கம் நீட்டிவிடுவேன். அவர் எப்போதும் என் வலப்பக்கம் நிற்பார். வாங்கி, வாயில் இருக்கும் பிஸ்கட்டை மென்றுகொண்டே இறக்கிவிடுவார். "நீ பயத்துல ரிமோட்டுல இருக்குற ரெண்டு குச்சியையும் போட்டுத் திருகுற. விட்டா அதுவே வரும்லா" என்பார். நான் விட்டதே இல்லை. அவர் வாங்குவதற்குள் மூன்று முறை வாலை உடைத்திருக்கிறேன். மூன்று முறையும் காற்றைத்தான் குற்றம் சொன்னேன். அவரும் காற்றுதான் என்று ஒத்துக்கொண்டார்.

போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளி கழிந்த வாரம் மச்சான் தூக்கத்திலேயே போய்விட்டார். விமானம் அக்கா வீட்டுப் பின்கட்டில் துணி போர்த்திக் கிடந்தது. இந்த வருடம் அக்கா தன் மகளோடு பினாங்குக்குக் குடிபோவதாக முடிவானது. சாமான் கட்டும் நாளில் என்னை அழைத்து, துணியை விலக்கிக் காட்டினாள்.

"இருபது வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமகூட அந்த மனுஷன் வீட்டுல இருந்ததில்ல. நான் ஒரு நாளும் அந்தத் திடலுக்குப் போனதில்ல, கோவம். போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ இத ஏத்திக் காட்டு தம்பி. இந்தச் சக்களத்தி அப்படி என்னதான் செஞ்சான்னு நான் பார்க்கணும்."

"அதுக்கென்னக்கா, காட்டிட்டா போச்சு" என்றது என் வாய். என் வாய்க்கும் எனக்கும் எப்போதும் ஒத்துப்போனதில்லை.

சிக்கல் திடலில் இருந்தது. அது மச்சான் பிறந்த அந்தப் பழைய தோட்டத்தின் பந்துத் திடல். இப்போது பாதியில் வரிசை வீடுகள் வந்துவிட்டன. மிச்சம் ஒரு கோல்கம்பத்திலிருந்து நடுக்கோடு வரைதான். அதற்கப்புறம் கான்கிரீட் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் சமையலறைச் சன்னல். மச்சானின் விமானமோ வேகமாக வந்து, முழுத் திடலும் ஓடித்தான் நிற்கும். கனமான விமானம் மெதுவாகப் பறக்காது, மெதுவானால் விழும். ஆக, குறைந்த வேகத்தில் இறங்க வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும். தப்பினால் அக்கா பார்க்கப்போகும் முதல் பறத்தலே மச்சான் விட்டுப்போன ஒரே சாமானின் கடைசிப் பறத்தலாகிவிடும். அப்படித்தான் விமானம் ஈப்போ குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து, முறுக்குத் தராசில் ஏறியது.

எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதில் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்துவிட்டது. திருகாணியைக்கூட நிறுத்துப் பார்த்தேன். பழைய பேட்டரியை எடுத்துவிட்டு அதில் பாதி எடையுள்ளதை வைத்தேன். சப்பாத்திக் கட்டைபோல் கனத்த சக்கரங்களுக்குப் பதில் நுரைச் சக்கரம். பிறகு மூக்கைத் திறந்தேன். எஞ்சினுக்குப் பின்னால், பசையில் புதைந்து, தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகள் இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கொத்து. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். மச்சானுக்குக் கணக்குத் தெரியவில்லை, பறக்க வேண்டியதில் போய் ஈயத்தைக் கொட்டி வைத்திருக்கிறார் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டே அத்தனையையும் நோண்டி எடுத்தேன்.

எடுத்து முடித்து, சமநிலை பார்க்க இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலைக் கொடுத்துத் தூக்கினேன். விமானம் நேராக நிற்க வேண்டும். அது நாய் உட்காருவதுபோல வாலைக் கீழே போட்டு உட்கார்ந்து, மூக்கை உயர்த்தி என்னைப் பார்த்தது. நான் பதறி விரலை உருவிவிட்டேன். விமானம் மேசையில் விழ, தராசு என் காலில் விழ, "மாவு நிறுக்கிறது பத்திரம்" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. காலைப் பற்றிக் கேள்வி இல்லை.

வால் கனத்த விமானம் ஒரே ஒருமுறைதான் பறக்கும் என்பார்கள். மச்சானுக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. வால் கனமாக இருந்ததால்தான் மூக்கில் ஈயம் வைத்திருக்கிறார். வால் தூரத்தில் இருப்பதால் அங்கே ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் வைத்தால்தான் சரியாகும். அப்படியென்றால் வால் ஏன் கனக்கிறது? பஞ்சுபோல் லேசான பால்சா மரத்தில் செய்த வால் காய்ந்த அப்பளம்போல இருக்க வேண்டும். அன்று முழுக்க அது என்னைக் குடைந்தது. கடையில் ஓர் அம்மாளுக்குப் பார்வை சோதிக்கும்போதுகூட எழுத்துப் பலகையில் வால்தான் தெரிந்தது.

மறுநாள் வாலின் மேலே ஒட்டியிருந்த நிறத்தாளைச் சூடு காட்டி உரித்தேன். உள்ளே பால்சா கால்வாசிதான் இருந்தது. மீதி, வெளிர் மஞ்சளில், நெருக்கமான நார் ஓடிய மரம். முகர்ந்து பார்க்கவே தேவையில்லை, அக்காவின் தோசைக் கரண்டிப் பிடி அதே நிறம். பால்மரம். இழைத்து, விளிம்பு மழுக்கி, அவ்வளவு அழகாகப் பொருத்தியிருந்தார். அதன்மேல் பென்சிலில் அவருடைய சாய்ந்த கையெழுத்து:

"மச்சான் உடைச்சது. மூணாவது தடவ. இனி உடையாது."

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். காற்று என்று ஒத்துக்கொண்ட மனிதர் மரத்திடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். உடைத்தது நான். உடையாமல் இருக்கப் பால்மரம் வந்தது. பால்மரம் கனக்க, ஈயம் வந்தது. ஈயம் வந்ததும் விமானம் வேகமாக இறங்கத் தொடங்கியது, வேகத்தைக் கண்டு நான் இன்னும் பயந்தேன். "பழைய எஞ்சின், கொஞ்சம் வேகமாத்தான் வரும்" என்று கேட்டவர்களிடமெல்லாம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று தலையாட்டிக் கேட்டிருக்கிறேன். என்னைக் கூட்டிப்போகாமல் விட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் பிரச்சினை. அது அவருக்குத் தோன்றவே இல்லையா, அல்லது தோன்றித்தான் மரத்தை இழைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

புதிய வாலை முழுக்கப் பால்சாவில் செய்தேன். வாலில் தொண்ணூறு கிராம் குறைந்தது, அதனால் மூக்கில் ஒரு குண்டு ஈயம்கூடத் தேவைப்படவில்லை. கடைசியாக நிறுத்தபோது இரண்டு கிலோ எண்ணூற்று எழுபது. இரண்டு விரலில் தூக்கினேன். ஆடாமல் நின்றது. நான்தான் ஆடினேன்.

ஒரு ஞாயிறு காலை அக்காவைத் திடலுக்கு அழைத்துப்போனேன். காரிலிருந்து இறங்கும்போதே அவள் கையில் எலுமிச்சம்பழப் பொட்டலமும் ஒரு முழ மல்லிகைச் சரமும். பழத்தைச் சக்கரத்துக்குக் கீழே வைத்து நசுக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது பறக்கப்போவதில்லை. சரத்தை மூக்கில் சுற்ற வந்தபோது குறுக்கே விழுந்தேன்.

"அக்கா, ஒவ்வொரு கிராமா நான் சொரண்டியிருக்கேன்."

"பூவுக்கு என்னாடா கனம்? புதுசா ஏத்துற வண்டிக்குப் பூ வைக்காம எப்படி?"

பேரம் பேசி ஒரே ஒரு மல்லிகை என்று முடிவானது. கேலி செய்யாதீர்கள், தராசைக் காரில் கொண்டுபோயிருந்தேன். பூவை வைத்தேன். பூஜ்யம் காட்டியது. அக்கா ஒரு பார்வை பார்த்தாள்.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. விமானம் பாதித் திடலில் பாதிகூட ஓடவில்லை, எழும்பிவிட்டது. மச்சான் காலத்தில் உறுமிக்கொண்டு ஏறும், இப்போது யாரோ கூப்பிட்டதுபோல் ஏறியது. திடல் ஓரத்துச் செம்பனைகளுக்கு மேலே வட்டமடித்தேன். அக்கா சேலைத் தலைப்பைக் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.  எனக்குத் தெனாவட்டு வந்து இன்னும் இரண்டு வட்டம் அடித்தேன். எஞ்சினுக்கு எண்ணெய் எவ்வளவு ஊற்றினேன் என்பது மறந்துபோனது.

சட்டென்று சத்தம் நின்றது.

"ஏன்டா சத்தத்தக் காணோம்?" என்றாள் அக்கா.

எஞ்சின் நின்ற விமானம் இறங்கியே ஆக வேண்டும், இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. வாய்க்கால் தெரிந்தது. சமையலறைச் சன்னல் தெரிந்தது, சன்னலில் யாரோ கோப்பை கழுவுவதுகூடத் தெரிந்தது.  "மச்சான், பிடி, பிடி" என்று ரிமோட்டை வலப்பக்கம் நீட்டினேன்.

வலப்பக்கம் அக்கா நின்றிருந்தாள். கையில் மிச்சமிருந்த மல்லிகைச் சரம். என்னையும் ரிமோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்கிட்ட ஏன்டா நீட்டுற? எனக்கு வீட்டு டிவி ரிமோட்டே சரியா வராது. நீயே இறக்குலா."

இவ்வளவும் நடந்து முடிய மூன்று நான்கு விநாடி ஆகியிருக்கும். அந்த நேரத்தில் குச்சியை யாருமே தொடவில்லை. திரும்பிப் பார்த்தேன். விமானம் திருகவில்லை, மூக்கைக் குத்தவில்லை. அது பாட்டுக்கு, இறக்கையைச் சமமாக வைத்துக்கொண்டு, கோல்கம்பத்தின் பக்கமாகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. விட்டால் அதுவே வரும். இருபது வருடம் காதில் விழுந்தது அப்போதுதான் கைக்கு வந்தது. இரண்டு கட்டை விரலையும் குச்சிமேல் சும்மா வைத்திருந்தேன். தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது மட்டும் லேசாக மூக்கைத் தூக்கினேன். அது புல்மேல் மிதந்தது, இறங்க மனமில்லாததுபோல இன்னும் மிதந்தது, நடுக்கோட்டுக்குப் பத்தடி முன்னால் உட்கார்ந்தது.

அக்கா நடந்துபோய் அதன் பக்கத்தில் குந்தினாள். இறக்கையில் தெறித்திருந்த எண்ணெயைத் தலைப்பால் துடைத்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள். "இதுக்கா அந்த மனுஷன் இருபது வருஷம் ஓடினாரு?"

 எண்ணெய் போன பிறகும் அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிராமலே, "இன்னொரு தடவ ஏத்து" என்றாள்.

அன்று ஐந்து முறை ஏற்றினேன். ஐந்து முறையும் நானே இறக்கினேன்.

அக்கா பினாங்குக்குப் போய் இரண்டு மாதமாகிறது. விமானம் என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அதிலிருந்து எடுத்த பழைய வாலை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. போன வாரம், மனைவி கடைக்குப் போயிருந்த நேரம், அதை முறுக்குத் தராசில் வைத்துப் பார்த்தேன். எண்ணைப் பார்த்துவிட்டு எடுத்து, மச்சானின் எழுத்துக்குக் கீழே பென்சிலால் நானும் ஒரு வரி எழுதினேன்: "மச்சான் இறக்குனது. உடையல."

மறுபடியும் தராசில் வைத்தேன். எடை கூடவில்லை.