எல்லா ஊர்ச் செத்தவீட்டுக்கும் போனவர்

தையல் தளத்துக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோக எங்களுக்கு அனுமதியில்லை. வெளியே உலகம் புரண்டாலும் தேநீர் வேளையில்தான் தெரியவரும். சென்ற செவ்வாய்க்கிழமை வாயிற்காவலர் வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பவானி மிஸ் மோசம் போட்டாவாம்" என்று அவர் இறந்த செய்தியைச் சொன்னார். மணி அடித்ததும் மறுபடி மெஷினில் போய் இருந்தோம். அழுவதற்குக்கூட வெளியே போக வழியில்லாத இடம் அது. எனக்கு முதலில் கோபந்தான் வந்தது.

பவானி அவர்கள் கிளிநொச்சியில் எங்கள் ஆடைத் தொழிற்சாலையின் ஆளணி அலுவலர். வார இறுதிகளில் வவுனியாவுக்குப் போய் முதுமாணிப் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தார். நான் அங்கே ஒரு தையல் வரிசைக்கு மேற்பார்வையாளர்.

அவர் வந்து சேர்ந்த காலத்தில் நிர்வாகம் ஒரு புதுமை செய்திருந்தது. ஒரே ஊர்ப் பெண்களை ஒரே வரிசையில் இருத்தினால் ஒற்றுமையாக வேலை நடக்கும், பஸ் விடுவதும் சுலபம் என்பது அவர்கள் எண்ணம். வரிசையில் ஒருத்தி வராவிட்டாலும் முழு வரிசைக்கும் ஊக்கத்தொகை இல்லை. நடந்ததோ வேறு. சில நாட்களில் ஒரு வரிசை முழுவதும் வெறுமையாகக் கிடக்கும். போருக்குப் பின் நிவாரணத்தில் பழகிய சோம்பல் என்று மேலிடம் முடிவுகட்டி, அடிக்கடி வராதவர்களை வேலையால் நிறுத்தத் தயாரானது.

அதையே தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார் பவானி. முதலில் வினாக்கொத்துக் கொடுத்தார். அத்தனை பேரும் 'மிகவும் திருப்தி' என்று அடையாளமிட்டிருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன்.

"மிஸ், முகாமில இருந்து எத்தினை படிவம் நிரப்பின சனம் நாங்கள். குறை எழுதினால் கிடைக்கிறதும் நிண்டுபோகும் எண்டு தெரியும்."

"அப்ப படிவத்தை விட்டிட்டு நான் பஸ்ஸில வாறன்" என்றார்.

சொன்னபடி செய்தார். ஓமந்தையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகாமல் மாதக்கணக்காக என்னோடு தங்கி, ஒவ்வொரு ஊர் பஸ்ஸிலும் ஏறினார். இரணைமடுப் பக்கம் ஒரு செத்தவீடு என்றால் அங்கே நிற்பார். முல்லைத்தீவுப் பக்கம் என்றால் அங்கே. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், அழுகிறவர்களின் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்தார்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "சுமதி, இது சோம்பல், பஞ்சி ஒண்டும் இல்லையப்பா. செத்தவீடு" என்றார். நல்லதுக்குச் சொன்னால் போ, கெட்டதுக்குச் சொல்லாமலே போ என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு சாவென்றால் ஊரே போகும். ஊரையே ஒரு வரிசையாக இருத்தினால் வரிசையே போகும். எங்களுக்கு இது தெரியாததில்லை. ஆனால் தொழிற்சாலைக்குச் சொல்லக்கூடிய விடயம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் அதை மேலிடம் நம்பக்கூடிய மொழியில் எழுதினார்.

அவரது அறிக்கை இரண்டு விடயங்களைக் கேட்டது. ஊர்களைக் கலந்து இருத்துங்கள். செத்தவீட்டுக்குப் போகிறவளுக்கு ஊக்கத்தொகையை வெட்டாமல் விடுப்புக் கொடுங்கள். ஒருவரின் வேலையும் போகவில்லை, அது அவர் செய்த பெரும் புண்ணியம். ஆனால் மேலிடம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. ஊரோடு சேர்ந்து போனவளை முன்பு யாராலும் தடுக்க முடியவில்லை. இப்போது வரிசைக்கு ஓரிருவர்தான் கேட்பார்கள், தனியாக வந்து கேட்பவளை மறுப்பது சுலபம்.

முல்லைத்தீவிலிருந்து வரும் நிஸா, தன் மாமி இறந்த அன்று அழுதபடி அவர் மேசைக்கு வந்தாள்.

"முதல் நாளே லீவு கேக்க வேணுமாம் மிஸ். மௌத்து சொல்லிப்போட்டே வாறது? பின்னேரம் அஸர் தொழுகையோட அடக்கிருவாங்க. நீங்கள்தானே எங்களைப் பிரிச்சனீங்கள்?"

பவானி அவளைக் கூட்டிக்கொண்டு வாயில்வரை போனார். வாயிலைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கவில்லை. நிஸா அன்று போகவேயில்லை.

அதன்பின் அவர் இருதலைக் கொள்ளி எறும்பாகத்தான் இருந்தார். விலகலாம் என்றால் வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். விலகினால் அந்த இரண்டாவது விடயத்தைக் கேட்கவும் ஆளில்லை. "நான் கண்டுபிடிச்சது பிழையில்லை சுமதி, குடுத்த இடந்தான் பிழை. குடுக்க வேற இடமும் இல்லையே" என்பார். ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் கேட்டார். ஒவ்வொரு முறையும் "பார்ப்போம்" என்றார்கள். நோயில் படுத்த பிறகும் தொலைபேசி எடுத்து, "என்னவாம் சொல்லுகினம்?" என்று அதையே விசாரித்தார். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

செவ்வாய் பின்னேரம் விடுப்புக் கேட்டுப் பெண்கள் திரண்டார்கள். முகாமையாளர் என்னைப் பார்த்து, "அவா எந்த ஊர்?" என்றார்.

"ஓமந்தை."

"அப்ப ஓமந்தைப் பிள்ளையள் மட்டும் போகட்டும்."

ஓமந்தையிலிருந்து எங்களிடம் ஒருத்தியும் வேலை செய்வதில்லை.

புதன் காலை எங்கள் பஸ்கள் எல்லா ஊருக்கும் போய் வெறுமையாகத் திரும்பின. பெண்கள் வீதியில் கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஓமந்தையில் வந்து இறங்கினார்கள். முற்றம் கொள்ளவில்லை. பவானியின் தாயார் திகைத்துப்போய், "இவ்வளவு பேரும் எந்த ஊர் பிள்ளை?" என்று என் கையைப் பிடித்தார். பக்கத்தில் நின்ற நிஸா, "எல்லா ஊரும் அம்மா" என்றாள்.

வியாழக்கிழமை மறுபடி உள்ளே போனோம், வாயில் மூடியது. ஒரு வரிசைக்கும் இந்த மாதம் ஊக்கத்தொகை இல்லை என்று அறிவித்தார்கள். தலைகுனிந்து தைத்தோம்.

மிஸ், மாதக் கூட்டத்தில் இனி நான் எழும்பிக் கேட்கிறேன், நீங்கள் ஆறுதலாகப் போய் வாருங்கள். நீங்கள் கேட்ட விடுப்பை அவர்கள் இன்னும் தரவில்லை. உங்களுக்காக ஒரு நாள் நாங்களே அதை எடுத்துக்கொண்டோம்.