நான்கு இன்ஜினியர்களும் ஒரு பெட்ஷீட்டும்

போன சனிக்கிழமை காலை எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடிக்கு, பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து இருபது மாணவிகள் வந்தார்கள். எல்லோரும் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். திருமுல்லைவாயிலில் சோலார் பேனல் போட்ட மாடிகள் நிறைய உண்டு. கேட்டதும் கதவைத் திறந்துவிட்ட அசோசியேஷன் எங்களுடையதுதான்.

அறிவியல் டீச்சர் பேனலைக் காட்டினால் போதும் என்றுதான் கேட்டார். எங்கள் செயலாளருக்கு அது போதவில்லை. "நம்ம பிளாக்லயே இன்ஜினியர்ஸ் இருக்காங்களே... பொண்ணுங்களுக்கு ஒரு இன்ஸ்பிரேஷனா இருக்கட்டும்!" என்று நான்கு பேரை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். நான்காவது ஆள் நான். எலக்ட்ரிகல் படித்தவள். படித்து முடித்த பிறகு ஒரு ஃபியூஸ்கூடப் போட்டதில்லை. யாராவது கேட்டால்தானே சொல்ல வேண்டும்?

மோனிஷா என்ற பெண் மட்டும் அம்மாவோடு வந்திருந்தாள். அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. திங்கட்கிழமை பிளஸ் ஒன் ஃபாரம் கொடுக்க வேண்டும். மகளுக்குக் கணக்கு குரூப் எடுத்து, பிறகு இன்ஜினியரிங் படித்து, சோலார் வேலைக்குப் போக ஆசை. அம்மா காமர்ஸ் என்று முடிவே கட்டிவிட்டார். "இன்ஜினியருங்கள நேர்ல பாத்துட்டு சொல்றேன்" என்பதுதான் மகள் கெஞ்சி வாங்கிய கடைசி வாய்தா.

செயலாளர் பெருமையாக போனில், பேனல் தரும் மின்சாரத்தைக் காட்டும் ஆப்பைத் திறந்தார். வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் உற்பத்தி வழக்கத்தில் பாதிகூட இல்லை. நாங்கள் நால்வரும் அந்த போனைச் சூழ்ந்துகொண்டோம்.

"ஆப் ஹேங் ஆயிருக்கும் சார்."

"லாக் அவுட் பண்ணி லாகின் பண்ணுங்க."

மோனிஷா போனைப் பார்க்கவே இல்லை. பேனல் வரிசையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள்.

"சார், அங்க பெட்ஷீட்டு தொங்கினு கீது. அதோட நெழலு பேனல் மேல உழுது. ஒண்ணு மேல உழுந்தாலும் அந்த வரிசையே டல்லாயிடும்னு மிஸ் சொல்லிக் குடுத்தாங்க."

எங்கள் பிளாக்கில் வாரத் துணி துவைக்கும் நாள் சனிக்கிழமை. கொடி கட்டத் தோதாக பேனல் ஸ்டாண்டை விட்டால் வேறென்ன இருக்கிறது? அந்த நீலப் பூப்போட்ட பெட்ஷீட் யாருடையது என்பது இங்கே தேவையில்லாத தகவல்... சரி, என்னுடையதுதான். வெட்கமாக இருந்தது. எடுத்து மடித்துக்கொண்டேன். ஆப்பில் எண் மளமளவென்று ஏறியது.

பெண்கள் கை தட்டினார்கள். மோனிஷாவின் அம்மா தட்டவில்லை. நேராக எங்களிடம் வந்தார்.

"நீங்க இன்னா சார் படிச்சீங்க?"

"மெக்கானிக்கல்."

"இப்போ இன்னா வேல?"

"ஐ.டி.ங்க."

அடுத்தவர் சிவில் — அவரும் ஐ.டி. மூன்றாமவர் என்னைப் போல எலக்ட்ரிகல் — பேங்க். நான் பத்திரிகையில் எழுதுகிறேன் என்றேன், கொஞ்சம் மெதுவாக.

"அப்போ படிச்ச வேலைய ஒருத்தருமே செய்யலியா?"

மோனிஷாவின் முகம் சுண்டிப்போனது. நான் சங்கடத்தோடு தரையைப் பார்த்தேன். ஊக்கம் கொடுக்க வந்த நாங்களே அந்தப் பெண்ணின் கணக்கு குரூப்புக்கு உலை வைத்துவிட்டோமே!

அம்மா கொஞ்ச நேரம் பேனல்களையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"இத்தினி பேரு படிச்சிட்டு உட்டுட்டுப் போயிட்டாங்கன்னா, அந்த வேலைங்கள்லாம் காலியாத்தானடி கீது? கணக்கு குரூப்பே எழுதிக் குடு."

நாங்கள் வாங்கிய பட்டங்களால் நாட்டுக்கு நடந்த முதல் நல்லது!