பகவதி மதினி திருப்பிப் போட்ட படிகள்

நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இரணியலில் என் தமையனார் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரரான தங்கப்பன் வாசலில் வந்து நின்றார். "சாரே, ஒங்க மதினி நேத்து ராத்திரி படியில வழுக்கி விழுந்துட்டாவ. விடியக்காலம் உயிரு போச்சு" என்றார். நோயில் கிடப்பவர் அண்ணன். ஆதலால், "அண்ணனையா சொல்கிறீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அண்ணனின் மனைவியார் பகவதியம்மாள் எங்கள் வீட்டில் புகுந்தபோது நான் கல்லூரி மாணவன். நேரந்தவறாமல் உண்ண வரும் என்னைக் கண்டதும், "சின்னவரு வந்தாச்சு, இனி கடியாரத்துக்குச் சாவி குடுக்காண்டாம்" என்பார்கள்.

சில ஆண்டுகளுக்குமுன், மாடியறையில் உறங்கிய அண்ணனுக்கு வலப்பக்கம் வாதத்தில் வீழ்ந்தது. அவ்வீட்டின் மரப்படிகள் செங்குத்தானவை. தலைமுறைகள் மிதித்து நடுவில் ஓடம்போலக் குழிந்தவை. அவரைக் கீழே இறக்க முயன்றவர்கள் பாதியில் கால் இடறி, மேலேயே கொண்டுபோய்க் கிடத்தினார்கள். சாகுமுன் ஒருமுறை முற்றத்தில் உட்கார வேண்டும் என்பதே அதன்பின் அவர் கேட்டதெல்லாம். இவ்வாண்டு புரட்டாசியில் அவருக்குக் கஞ்சியும் சரியாக இறங்கவில்லை. ஐப்பசியில் வரும் பிறந்த நட்சத்திரத்தன்று அவரை இறக்குவதென்று மதினி நாள் குறித்து, வேலப்பன் ஆசாரியை வரவழைத்தார்கள்.

ஆசாரி பலகைகளைக் கழற்றி, தேயாத அடிப்புறத்தை மேலாகத் திருப்பி இழைத்து, தாங்குகட்டை கொடுத்துப் பொருத்தினார். மரம் செல்லரிக்காமலிருக்க முந்திரித்தோட்டு எண்ணெய் பூசுவது மட்டுமே எஞ்சியது.

"இந்த மழையில எண்ணெ உணங்காது அம்மா. படி ஒறப்பாட்டு இருக்கு. சாரை இப்பமே எறக்குங்க, பூச்சைப் பிறவு பாக்கலாம்" என்றார் ஆசாரி.

"கொறவேலப் படியில நல்ல காரியம் நடத்தப்பிடாது. பூசும்."

மாடியிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: "ஏட்டி, படிக்கா கல்யாணம்? எண்ணெ தேய்ச்சுக் குளிப்பாட்டுக?"

"மாப்பிள நீருதான். மிண்டாமக் கெடயும்!"

வீட்டார் ஏறி இறங்குவதற்காக, ஆசாரி ஒன்றுவிட்டு ஒரு படிக்கே பூசினார். கையில் கஞ்சியோடு ஈரப்படியைத் தாண்டிக் கால் வைத்தபோதுதான் மதினி விழுந்தார்கள்.

நான் சென்றபோது அவர்களைக் கீழறையில் கிடத்தியிருந்தார்கள். மேலே அண்ணன் அலறிக்கொண்டிருந்தார். "வாய்க்கரிசிய மேல கொண்டுபோய் அவரு கைபடத் தொட்டுவாங்கினாப் போதும், முறையிருக்கு" என்றார் பெரியவர் ஒருவர். முறை இருப்பது எனக்கும் தெரியும்.

"முறையக் கொண்டு தீயில போடுங்கலே! என்னய எறக்குங்க!" என்றார் அண்ணன்.

எண்ணெய்ப் படிகளில் அடுப்புச் சாம்பலைக் கொட்டினோம். நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்கினோம். ஒரு பலகைகூட அசையவில்லை.

அண்ணன் செயலற்ற வலக்கையை விட்டு, இடக்கையால் அரிசியை அள்ளினார். "இடங்கையால ஆகாதே" என்று பெரியவர் தொடங்கினார். நான் அவரைக் கையமர்த்தினேன். அரிசி பாதிக்குமேல் அண்ணனின் விரலிடுக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

மதினி, அண்ணன் இப்போது முற்றத்தில்தான் இருக்கிறார். மழை வலுத்தும் உள்ளே வர மறுக்கிறார். என் குடை அவருக்குப் போதவில்லை. சென்று வாருங்கள்.