அடம்பன் கொடியிடம் திரும்பிப் போன படம்

பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை நான் வீட்டில் சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். "இன்று லிஃப்ட் மேலே மட்டும் போகும், இறங்குவது உங்கள் பொறுப்பு" என்ற அறிவித்தலை ஒட்டியது நான்தான் என்று விசாரணையே இல்லாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். (சரியான தீர்ப்பு.) ஆகவே தை மாதப் போயா அன்று, அதாவது பௌர்ணமி விடுமுறையில், கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சாள் துளசியோடு ஒரு சங்கத்துக்குப் போய்வரும்படி அம்மா என்னை நாடு கடத்தினார். செடிகொடிகளைப் பார்த்து வரைகிறவர்களின் சங்கம் அது. ஒரு நாள் போய்வரச் சொன்ன இடத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் போய்வந்தேன். நீங்களும் போக நினைத்தால் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் வழி. வெள்ளவத்தை காலி வீதியில் நூறாம் இலக்க பஸ் ஏறினால் புறக்கோட்டை ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். போயா நாளில் அரை மணி நேரம் பிடிக்கும். வேலை நாளில் உங்கள் இளமையின் ஒரு பகுதி போய்விடும். அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தேன். நடந்தும் போகலாம், வெயிலுக்கு முன் புறப்பட்டால். சங்கம் கூடுவது ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள நீளமான அறையில், போயா தோறும் காலை எட்டு மணிக்கு. அங்கத்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு.

பூ வரைவது என்றதும் வாழ்த்து மடல் ரோசாப்பூவை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே இலை எவ்வளவு நீளமோ படத்திலும் அவ்வளவு. கவராயத்தால் இலையை அளந்து அதே அளவைத் தாளில் குத்துவார்கள். பூச்சி தின்ற ஓட்டை இருந்தால் படத்திலும் ஓட்டை. புதிதாக வருகிறவர்கள் "இலை மேசை"யில் உட்கார்ந்து மாதக் கணக்கில் இலை மட்டும்தான் வரைய வேண்டும். அதற்குப் பிறகுதான் "பூ மேசை"க்குப் பதவி உயர்வு.

முதல் நாளே அவர்களைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. கறிவேப்பிலைக் கொத்து ஒன்றின் நுனியில் பிளாஸ்டிக் செவ்வரத்தம்பூவை ஒட்டி, "மலைநாட்டில் இருந்து வந்த அபூர்வம்" என்று சொல்லி மேசையில் வைத்தேன். கொம்பனித்தெருவில் இருந்து வரும் ஃபாரூக் நானா, வார நாட்களில் பல் கட்டும் வேலை செய்கிறவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"நல்ல செடி. இதுக்கு என்னத்தப் புள்ள ஊத்துற? தண்ணியா, சுப்பர் குளூவா?"

அறை முழுக்கச் சிரித்தது. அடுத்து திட்டு விழும் என்று காத்திருந்தேன். ஆனால் சங்கத்தை நடத்தும் ஜெனிட்டா அக்கா, வங்கியில் வேலை செய்கிறவர், பென்சிலைச் சீவத் தொடங்கினார். "மேசையில வைச்சா வரையிறதுதான் இஞ்சத்த வழக்கம்" என்றார். பூ மேசை முழுவதும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து என் பகிடியை வரைந்தது. பிளாஸ்டிக் இதழின் ஓரத்தில் இருந்த அச்சுக் கோடு, வழிந்து காய்ந்த பசைத்துளி, எல்லாம் அளவெடுத்தபடி. என் பகிடியை என்னைவிட உன்னிப்பாகப் பார்த்த மனிதர்களை அன்றுதான் கண்டேன். அடுத்த போயாவுக்கு யாரும் சொல்லாமலே எழும்பிக் குளித்தேன்.

இனித் துளசி. அவளுக்குப் பத்தொன்பது வயது. பெயரிலேயே செடி இருக்கிறவள் வேறென்ன செய்வாள்? மார்கழியில் சங்கம் நடத்தும் கண்காட்சிக்கு இரண்டு வருஷம் படம் கொடுத்தாள், இரண்டு முறையும் திரும்பி வந்தது. அவளுடைய அம்மா, அதாவது என் மாமி, இந்த வருஷம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்த முறையும் படம் திரும்பி வந்தா, போயாவிலையும் கணக்கியல் வகுப்புத்தான். தூரிகையைப் பிறகு நாங்கள் தூசி தட்ட வைச்சிருப்பம்."

மாமி சொன்னால் சொன்னதுதான். துளசிக்கு மற்ற நாட்களில் ஏற்கெனவே வேறு வகுப்புகள்.

நடுவில் சங்கத்தோடு ஒரு பயணம் போனோம். கம்பஹா பக்கம் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்கு. வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டையில் ரயில் மாற வேண்டும். கோட்டையில் இருந்து கம்பஹா முக்கால் மணி நேரம். ஸ்டேஷனில் இருந்து பூங்காவுக்கு ஆட்டோ. ஆசியாவுக்கு முதன்முதல் வந்த ரப்பர் மரங்கள் வளர்ந்த தோட்டம் அது. அன்றைய வேலை ரப்பர் மர இலை. அன்றைய தடை, அழிரப்பர். ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து ரப்பர் கேட்டு ரப்பர் கிடைக்காத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கோடு பிழைத்தால் அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட வேண்டும். என் இலைக்கு அன்று மூன்று ஓரங்கள் இருந்தன. ஃபாரூக் நானா அதைப் பார்த்துவிட்டு, "காத்து நல்லாத்தான் அடிச்சிருக்கு" என்றார்.

துளசி இந்த முறை எடுத்துக்கொண்டது அடம்பன் கொடி. வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் மணலில் படர்ந்து கிடக்குமே, ஆட்டுக் குளம்பு மாதிரி இலை, ஊதாப் பூ, அதுதான். பெயருக்கு ஏற்ற அடம் அதற்கு. பூ விடிய விரியும், மதியத்துக்குள் சுருண்டுவிடும். அதனால் துளசி முதல் நாள் மாலையே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கி, விடிந்ததும் கடற்கரைக்குப் போவாள். முதலில் பூ, பிறகு இலை, கடைசியாகக் காய். வாடுகிற வரிசையில்தான் வரைகிற வரிசையும். வைகாசியில் கடல் கொந்தளித்துக் கொடியில் பாதியை இழுத்துக்கொண்டு போனது. மிச்சம் இருந்த பாதியோடு அவள் கார்த்திகை வரை மல்லுக்கட்டினாள். முடிந்த படத்தைப் பார்த்தபோது எனக்குப் பகிடி எதுவும் வரவில்லை. அது எனக்கே புதிது. அதிலும் ஒரு நீளமான காய். தடித்து, வெயிலில் வெளிறி, ஓரத்தில் மேடு கட்டி, தாளில் இருந்து கழற்றி எடுக்கலாம் போல் கிடந்தது.

இந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் போவதென்றால் இதற்காகவே போக வேண்டும். கண்காட்சிக்குக் கொடுக்கும் முன், படத்தை அது வளர்ந்த இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய்ச் செடிக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். இரண்டு அங்கத்தவர்கள் மாறி மாறிப் பார்த்து, "இதுதான் அது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் படம் தெரிவுக் குழுவுக்குப் போகும். துளசிக்குச் சொல்ல வேண்டிய இருவர் ஃபாரூக் நானாவும் நானும். நானும் அதற்குள் பூ மேசைக்கு வந்திருந்தேன். (கடைசி நாற்காலி. ஒரு கால் ஆடும்.)

அப்படிச் சொல்ல வேண்டிய நாளன்று நான் கொட்டாஞ்சேனைக்குப் போய், துளசியோடு படத்தைத் தட்டையான அட்டைப் பெட்டியில் வைத்து ஆட்டோவில் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன். சிங்களச் சாரதி கண்ணாடியில் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நங்கி, கேக்கா?"

"ஓம் அய்யே, பேர்த்டே கேக். மேல ஐசிங் இன்னும் காயேல்ல."

அதன் பிறகு அவர் ஒரு குழியில்கூட விழவில்லை. கொழும்பில் படம் கொண்டுபோகிறவர்களுக்கு என்னிடம் உள்ள மிகச் சிறந்த ஆலோசனை இதுதான். ஆயிரத்து நூறு ரூபாய். இறங்கும்போது "ஹெப்பி பேர்த்டே" என்று துளசிக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

கடற்கரையில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். ஃபாரூக் நானா குந்தியிருந்து இலையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், எழும்பிக் காற்சட்டையில் மணலைத் தட்டினார். "இதுதான் அது" என்றார். எல்லோரும் ஜெனிட்டா அக்கா கொண்டுவந்த மாலுபணிஸ் (மீன் வைத்த பணிஸ்) பெட்டியை நோக்கிப் போனார்கள். மிச்சம் என் வாய்தான்.

நான் சொல்லியிருப்பேன். ஆனால் கை சும்மா இராதே. அந்தக் கொழுத்த காய் கொடியில் அப்படியே கிடந்தது. "என்னடி, வாலைப் பிடிச்சா எழும்புமோ பாப்பம்" என்று காயைப் பிடித்து மெல்ல இழுத்தேன். அடம்பன் அசையவில்லை. இரண்டடி தள்ளி, வேறொரு கொடியின் இலைகள் அசைந்தன. மூன்று மூன்றாகக் கிடந்த இலைகள்.

மறுபடி இழுத்தேன். மறுபடியும் அவையே அசைந்தன.

துளசி என் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். காம்பை விரலால் பிடித்து மணலுக்குள் தேடிக்கொண்டே போனாள். அடம்பனோடு பின்னிப் படர்ந்த காட்டு அவரை அது. அதற்கும் கிட்டத்தட்ட அதே நிறத்தில் பூ. அவள் மாதக் கணக்காக அடம்பன் கொடியில் அவரைக்காயைத் தொங்கவிட்டிருக்கிறாள். அடம்பனின் உண்மையான காய் சுண்டைக்காய் அளவில் இலைக்கடியில் ஒளிந்திருந்தது.

"ஒருத்தரும் காணேல்ல" என்றேன் மெதுவாக. "நானாவே சொல்லிட்டார். நானும் சொல்லுறன். குழுவில ஆரும் காயை இழுத்துப் பாக்க மாட்டினம்."

"நீ சொல்லுவியோ?"

"உனக்காகச் சொல்லுவன்."

"எனக்காகச் சொல்லாத. கொடியைப் பாத்துச் சொல்லு."

கொடியைப் பார்த்தேன். லிஃப்டைப் பற்றி எதையும் எழுதி ஒட்டக்கூடிய எனக்கு, இந்த இரண்டு சொல் வரவில்லை.

துளசி எழும்பிப் போய், மாலுபணிஸ் கடித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று, "காய் பிழை. அது வேற கொடி" என்றாள். ஃபாரூக் நானா திரும்பி வந்து குனிந்தார். தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். "மவள், நானும் பாத்துட்டுத்தானே சொன்ன. என்ட கண்ணும் சேந்துதான் பிழைச்சிருக்கு."

படம் கொடுக்க ஒரு வாரம் இருந்தது. நீர்வண்ணத்தை அழிக்க முடியாது. வெளிர் நிறத்தின் மேல் அடர்ந்த நிறத்தை ஏற்ற மட்டும் முடியும். காயின் காம்பு அடம்பனில் சேர்கிற பிழையான இடத்தை மூட ஓர் அவரை இலை போதும். "போடன், ஆர் கேக்கப் போயினம்" என்றேன். அவள் போடவில்லை. அவரை இலை உண்மையாகவே அடம்பன் தண்டின் மேல் அப்படி விழுந்து கிடக்கும் இடத்தைத் தேடி, வெயிலில் கரையோரம் முழுக்க நடந்தாள். கண்டுபிடித்த பிறகுதான் தூரிகையை நனைத்தாள். அந்த வாரம் வகுப்புகளுக்குப் போகாமல் இரண்டாவது கொடியையும் தாளுக்குள் கொண்டுவந்தாள்: தண்டு, மூவிலை, பூ, கடைசியில் அந்தக் காய் தன் சொந்தக் கொடியில். அடம்பனின் சின்னக் காயும் தன் இடத்தில். மறுபடி கடற்கரை. இந்த முறை நான் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தேன். பிறகு சொன்னேன், சத்தமாக. ரயில் பாதையில் நடந்துபோன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

தெரிவு முடிந்தால் யாரும் தொலைபேசியில் அழைக்க மாட்டார்கள். திரும்பும் படங்களை அறைக்கு வெளியே நடையில் சுவர்ப்பக்கம் முகம் திருப்பிச் சாய்த்து வைப்பார்கள். நீங்களே போய்ப் புரட்டிப் பார்க்க வேண்டும். துளசி வாசலில் நின்றுகொண்டாள். நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பகிடியாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவளைப் பார்த்தேன், விட்டுவிட்டேன். "இல்லையடி" என்றேன். "இஞ்ச இல்லை. உள்ள."

ஒரு தாளில் இரண்டு செடி இதுவரை வந்ததில்லையாம். குழு நீண்ட நேரம் வாதாடியதாக ஜெனிட்டா அக்கா சொன்னார். கடைசியில், தாளில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பெயர் எழுதினால் சரி என்று முடிவு செய்தார்களாம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கடற்கரையில் ரயில் பாதையைக் கடக்கும்போது காதில் பாட்டு வேண்டாம். பூவைப் பறிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து வரையப் பழகுங்கள். வரையத் தெரியாது என்று தயங்க வேண்டாம். இலை மேசையில் யாருக்கும் தெரியாது. இந்த மனிதர்களிடம் நான் வியந்தது அவர்களுடைய கையை அல்ல. பிழையைக் கண்டால் சத்தமாகச் சொல்லிவிட்டு மறுபடி மணலில் உட்காருகிறார்களே, அதை.

கண்காட்சியின் முதல் நாள் மாமி வந்தார். மற்றப் படங்களைக் கடந்து நேராக அதன் முன் போய் நின்றார். கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படத்தின் கண்ணாடிக்கு மேலாக விரலை வைத்து ஒரு கொடியை அடியில் இருந்து பிடித்துக்கொண்டு போனார். பாதியில் வழி தவறினார். மறுபடி அடியில் இருந்து தொடங்கினார். இந்த முறை காயில் வந்து நின்றார்.

"இது மற்றதின்ர காய் என்ன?"

"ஓம் அம்மா."

மாமி அடுத்த கொடியையும் விரலால் கடைசி வரை பிடித்துக்கொண்டு போனார். பிறகு படத்தில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அந்தக் கணக்கியல் வகுப்பு போயாவிலதான் வைப்பினமோ? வேற நாள் இல்லாமலே இருக்கும்?"