பச்சைப் பொத்தானும் அட்டைக் காட்டுமாடும்

ஜஹனாரா பிறந்தது ஆயக்குடியில். முகம்மது இஸ்மாயிலைக் கட்டிக்கொண்டு கொடைக்கானல் வந்தார். இஸ்மாயிலுக்கு பஜாரில் மளிகைக்கடை, வீடு அட்டுவம்பட்டியில். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு பாலர் பள்ளியில் ஜஹனாரா உதவியாளராக வேலை பார்த்துவந்தார். கொரோனா சமயத்தில் மூடிய பள்ளி, அதன் பிறகு திறக்கவே இல்லை. வேலைக்குப் போகிற அம்மாக்களுக்குப் பிள்ளைகளை விட இடமில்லாமல் போனது. ஒவ்வொருவராக ஜஹனாராவின் வீட்டிலேயே கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள்.

விளையாட்டுச் சாமான் வாங்கிக் கட்டுப்படியாகாது. கடையில் மிஞ்சும் பிஸ்கட் பெட்டிகளையும் முட்டை அட்டைகளையும் இஸ்மாயில் வீட்டுக்கு அனுப்பினார். கழுவிக் காயவைத்த பால் கவர், ஷாம்பு டப்பா, பழைய கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. ஜஹனாரா மைதாவில் பசை காய்ச்சிக் கொடுப்பார். முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியும் ஒரு பூவாகும். பத்திரிகையின் மஞ்சளையும் சிவப்பையும் கிழித்து ஒட்டினால் சேவல் வரும். வாலும் தலையும் ஒரே பக்கம் ஒட்டப்பட்டிருந்தாலும் அவர் திருத்தமாட்டார். பிள்ளைகள் அவரை ஜானா மிஸ் என்று கூப்பிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி தமிழ்மதி. அப்போது அவளுக்கு நாலு வயது முடிந்திருக்கவில்லை. அவள் அம்மா சோலையம்மாள் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு காட்டேஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். அப்பா செந்தில்வேல் மலைக்காய்கறியை வேனில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர்.

ஒரு கார்த்திகை மழையில் பிள்ளைகள் ஆந்தை செய்தார்கள். கண்ணுக்கு வைக்கப் பழைய சட்டைப் பொத்தான்களை ஜஹனாரா ஒரு கிண்ணத்தில் கொட்டியிருந்தார். எத்தனை பொத்தான் போட்டோம், எத்தனை திரும்பி வந்தது என்று அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் தமிழ்மதி வரவில்லை. சளி என்று சொன்னார்கள். பிறகு ஒரு மத்தியானம் சோலையம்மாள் மட்டும் வந்தார். கையை விரித்துக் காட்டினார். உள்ளே ஒரு பச்சைப் பொத்தான்.

"அக்கா, இது உங்க வீட்டுதான்னு பாருங்க."

"எங்க வீட்டுதுதான் சோலை. எங்க கெடந்துச்சு?"

"பிள்ள மூக்குக்குள்ள. சளின்னு நெனச்சு மருந்து குடுத்துக்கிட்டே இருந்திருக்கேன். ஒரு பக்கம் மட்டுந்தான் ஒழுகுது, கிட்ட போனா நாத்தம். டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்து இடுக்கி வச்சு எடுத்தாரு. உள்ளுக்க போயி மூச்சுக் குழாயில விழுந்திருந்தா என்னக்கா ஆகியிருக்கும்?"

ஜஹனாரா பொத்தானை வாங்கிக்கொண்டார். "நாந்தான் பாத்திருக்கணும்" என்றார்.

"உங்கள நம்பித்தான விட்டுட்டுப் போனேன்" என்று சொல்லிவிட்டு சோலையம்மாள் போய்விட்டார்.

விஷயம் தெரு முழுக்கப் பரவியது. இன்னும் இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். "அடுத்தவங்க பிள்ளைங்க. நமக்கு எதுக்கு இந்தச் சோலி? நிப்பாட்டிரு" என்றார் இஸ்மாயில். ஜஹனாரா பசையும் காகிதமும் எடுப்பதை விட்டுவிட்டு டிவியைப் போட்டுவிட்டார். மிச்சமிருந்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்தன, பிறகு ரிமோட்டுக்குச் சண்டை போட்டன. ஜஹனாரா சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைகளில் யாராவது மூக்கைத் தொட்டால்கூட ஓடிப்போய்ப் பார்த்தார்.

கடைசியில் ஒருநாள் வெள்ளனே கிளம்பி ஆஸ்பத்திரிக்கே போனார். பொத்தானை எடுத்த அன்றைக்குத் தமிழ்மதியைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸைத் தேடிக் கண்டுபிடித்து, இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"டிஷ்யூ பேப்பர் சுத்தி வர்ற அட்டைக் குழாய் இருக்குல்ல? அதுக்குள்ள நுழையிற சாமான் எதையும் சின்னப் பிள்ளைங்க கையில குடுக்காதீங்க. பெரிய சாமானா இருந்தாலும் கூடவே உக்காந்திருங்க" என்றார் நர்ஸ்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு சாமானாகக் குழாயில் போட்டுப் பார்த்தார். பாசிமணி, மூடி, பென்சில் துண்டு எல்லாம் கீழே விழுந்தன. விழுந்ததையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய சாமான்காரரிடம் போட்டார். மறுநாள் பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. எதை எடுத்தாலும் முதலில் குழாயில் போட்டுப் பார்த்தார்கள்.

அந்த வாரமே செந்தில்வேல் வந்து நின்றார். "பிள்ளைய வேன்லயே கூட்டிட்டுப் போறேன்க்கா. ஒவ்வொரு வளைவுலயும் வாந்தி. கேரட் மூட்ட மேல சுருண்டு கெடக்கா. சோலையாலயும் வேலைய விட முடியாது. நீங்க வந்து ஒரு வார்த்த பேசுங்க."

ஜஹனாரா குழாயையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், நர்ஸ் சொன்னதைச் சொன்னார். சோலையம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "கொஞ்ச நாளைக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நானும் கூட வந்து உக்காருவேன். மனசுக்குச் சரின்னு பட்டாத்தான் வாசல்லயே விட்டுட்டுப் போவேன்."

"உக்காரு. எனக்கும் அதுதான் நல்லது."

இனிமேல் பெரிய சாமான்தான் என்று ஆனதும், பிள்ளைகள் செய்வதும் பெரிதாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் காட்டுமாடு செய்வோம் என்றார்கள். காட்டிலிருந்து வந்து தினமும் தெருவில் திரிகிற கருத்த பெரிய மிருகம். முட்டை அட்டையில் முகம், சுருட்டிய செய்தித்தாளில் கொம்பு, கல்யாணப் பத்திரிகையில் காது. கருப்பு பெயிண்டை ஜஹனாரா எடுத்தபோது தமிழ்மதி தடுத்தாள்.

"கருப்பு வேணாம் மிஸ். கருப்பு நெறையப் பாத்தாச்சு."

உடம்பு ரோஸ் கலரிலும் கால்கள் பச்சையிலும் வந்தன. தை மாத வெயிலில் அதை முற்றத்தில் காயவைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் நிஜக் காட்டுமாடு ஒன்று சுவரோரமாக உள்ளே வந்தது. ஜஹனாரா பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். வேலை முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்திருந்த சோலையம்மாளும் உள்ளேயே மாட்டிக்கொண்டார். எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். மாடு பசையை நக்கியது, இடது காதைப் பிய்த்துத் தின்றது, அட்டை மாட்டைக் கொம்பால் புரட்டிப் போட்டுவிட்டு அங்கேயே நின்றது. இரண்டு பிள்ளைகள் அழுதன.

"அதுக்குப் பசிக்குது போல" என்றாள் தமிழ்மதி.

மாடு போகிற மாதிரி தெரியவில்லை. சோலையம்மாள் தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு பால் கவரை மடித்து வெட்டினார். "இதுல காது செய்வோம். காயிறப்ப வீட்டுக்குள்ளயே வச்சுக்கங்க. வெளிய வச்சா அது இதையும் தின்னுரும்." பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். மாடு போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் சோலையம்மாள் உள்ளே வந்து உட்காராமல் தமிழ்மதியை வாசலிலேயே விட்டார். "வெரசா போகணும்க்கா, லீவு கூட்டம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நின்றுபோன மற்ற இரண்டு பிள்ளைகளில் ஒன்று திரும்பி வந்தது. இன்னொன்று வரவில்லை. அந்த அம்மா பஜாரில் ஜஹனாராவைப் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான்.

தமிழ்மதி இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஜஹனாராவின் வீட்டு ஹாலில் ஒரு பஸ் நிற்கிறது. பெட்டிகளை வரிசையாக ஒட்டி, பேப்பர் தட்டில் சக்கரம் வைத்துப் பிள்ளைகள் செய்தது. போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பிட வந்த இஸ்மாயில் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நான் எங்க உக்கார?"

"பஸ்ல எடம் கெடக்குல்ல, ஏறுங்க" என்றார் ஜஹனாரா.

அவர் முழங்காலை மடக்கிப் பின்சீட்டில் உட்கார்ந்தார். பிள்ளைகள் டிக்கெட் கேட்டு வந்துவிட்டார்கள்.