மார்ட்டினின் காலும் என் நேர்த்தியும்

பிரியமானவர்களே, நான் கேட்டது கிடைத்தது. அதிலிருந்துதான் என் துன்பம் தொடங்கியது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் ஒரு சின்னக் கழகத்தில் உதைபந்து ஆடுகிறேன். நடுக்களம். படிப்பு பல்கலைக்கழகத்தில், மனம் முழுக்க மைதானத்தில். இரண்டு வருடமாக என் இடத்தில் மார்ட்டின் ஆடினார். ஆங்கிலேயர், முப்பத்தைந்து வயது. இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுகளிலேயே ஒன்பது கழகங்களில் ஆடியவர். ஒரு தடவைகூட மேலே போகவில்லை. சிசிலிப் பெண்ணைக் கட்டி, பக்கத்தில் கடலோரம் இருக்கிற ஸ்ஃபெர்ராகவால்லோவில் குடியேறியிருந்தார். அங்கே மழையில் தோற்றேன், இங்கே வெயிலில் தோற்கிறேன் என்று சிரிப்பார். ஓட்டம் குறைந்துவிட்டது. ஆனால் பந்து எங்கே வரும் என்று அவருக்கு முன்னமே தெரியும். நான் மாற்று ஆட்டக்காரருக்கான வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எரிச்சல் எரிச்சலாக வரும்.

போன மாசியில் இந்த நகரின் பாதுகாவலியான புனித ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்தேன். மார்ட்டின் ஆட முடியாமல் போகட்டும், இடம் எனக்குக் கிடைக்கட்டும், வெறுங்காலோடு உம் குகைக்கோயில் இருக்கிற பெல்லெகிரினோ மலை ஏறி வருகிறேன். இதே சொற்களில்தான் கேட்டேன். அம்மாவிடம் அணியில் இடம் கிடைக்க நேர்த்தி என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்துப் பயிற்சியில் பந்துக்குச் சறுக்கிப் போனேன். பந்து ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மார்ட்டினின் கால் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. வேண்டுமென்று செய்தேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லோரும் விபத்து என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு, முதல் பதினொருவரில் என் பெயர் இருந்தது.

அம்மா கோயில் முழுக்கச் சொல்லிவிட்டார். "கேட்டது கிடைச்சிட்டுதெல்லே? நேர்த்தியை இழுத்தடிக்காதை. சனிக்கிழமை போய் ஏறு."

ஒரு மனிதனின் கால் முறிந்ததற்கு எப்படி நன்றி சொல்வது? வெள்ளிக்கிழமை மார்ட்டினின் மனைவியிடமிருந்து செய்தி வந்தது. முறிந்த காலிலிருந்து இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது, தீவிர சிகிச்சையில் இருக்கிறார், செபியுங்கள்.

சனி காலை அம்மா மெழுகுதிரிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னேன். அம்மா பையைக் கீழே வைத்தார்.

"இதுக்கோ நீ அந்தத் தாயைக் கூப்பிட்டனி?"

பிறகு தன் செருப்பையும் கழற்றினார்.

இரண்டு பேரும் ஏறினோம். பாதம் வெடித்தது. குகைக்குள் முழங்காலில் நின்று, நான் நன்றி சொல்ல வரவில்லை என்றேன். ஆண்டவரே, இடத்தை எடுத்துக்கொள்ளும், அவரை உயிரோடு தாரும், அவரிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். வேறு செபம் வரவில்லை.

நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டாராம். வகுப்பறை வாசலில் நின்று அழுதேன்.

வாக்குப்படி ஆஸ்பத்திரிக்குப் போய் மார்ட்டினிடம் சொன்னேன். அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னை வாங்கிலை இருத்த ஆசைப்பட்டவங்கள் கனபேர். அதுக்குப் புனிதரிட்டைப் போனவன் நீ ஒருத்தன்தான்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இண்டைக்குப் போ. புதன்கிழமை வா."

பயிற்சியாளரிடமும் சொன்னேன். இப்போது நான் மறுபடி வாங்கில். மார்ட்டின் இனி ஆடமாட்டார், அது என்னால். புதன்தோறும் போய் அவருக்கு நடைப்பயிற்சியில் துணையாக நிற்கிறேன்.

யாருக்காவது எதிராக நீங்கள் செபித்திருந்தால், பயப்படாமல் திரும்பி ஆண்டவரிடமே போங்கள். பிறகு அந்த ஆளிடமும் போங்கள். எனக்கு ஓர் உயிரைத் திருப்பித் தந்தவர் உங்கள் செபத்தையும் கேட்பார். மன்னித்தேன் என்று மார்ட்டின் இன்னும் சொல்லவில்லை. ஆனால் போன புதன், தடியூன்றி, கதவை அவரே வந்து திறந்தார்.