கூல்டிரிங்ஸுக்குக் கீழே இரண்டு செடிகள்

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசி வந்தது. ரோஸ்லின் அக்காவின் அப்பா. "பாப்பா காலையில போயிட்டாம்மா. உங்க டிபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் சொல்லிடு" என்றார். நெடுநாள் நோய்தான். ஆனாலும் அறை அறையாகப் போய்ச் சொல்வதற்குள் என் நாக்கு பலமுறை ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் என்னைப் பேச வைத்தவர் அக்காதான்.

ஆய்வு மாணவிகளாக நானும் அக்காவும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். பனிமலைப் பாறைகளில் வளரும் லிவர்வொர்ட் என்னும் பாசி போன்ற சிறு செடிகள் என் ஆய்வுப் பொருள். அவற்றில் இரண்டு, கூடப்பிறந்தவைபோல் இருக்கும். ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. அவை வெவ்வேறு இனங்கள் என்பது என் கட்சி. "ஒண்ணேதான். வெயில் பட்டது செவந்திருக்கு, நெழல்ல இருந்தது பச்சையா இருக்கு" என்று துறைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார் அக்கா. என் ஆய்வேடே அந்த வேறுபாட்டின் மேல்தான் நின்றது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அது சரிந்தால், மறுபடி படிக்கிறேன் என்று அப்பாவிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

உயிருள்ள செடிகளை அருகருகே வளர்த்துப் பார்க்க வேண்டும். பெங்களூர் வெயிலை அவை தாங்கா. துறையின் குளிர்பெட்டியோ பழுது. என் கட்சியை ஏற்காத அக்காதான் இரண்டையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நீலசந்திராவில் இருந்த தன் அப்பாவின் கூல்டிரிங்ஸ் கடைக்கு எடுத்துப்போனார். கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிரும் இருந்தது, டியூப் லைட் வெளிச்சமும் இருந்தது.

"அங்கிள், அது என்ன சொப்பு? கட்டு எவ்ளோ?" என்று கீரைக்கான கன்னடச் சொல்லால் கேட்டாராம் சோடா குடிக்க வந்த ஒருவர்.

"அது பிஎச்டி கீரை சாமி. விக்கறதுக்கில்ல."

சில வாரங்களில் சிவப்புச் செடி புது இலை விட்டது. பச்சை இலை. கடை வாசலிலேயே அழுதுவிட்டேன்.

"நான் சொன்னேன்ல?" என்றார் அக்கா. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

மறுநாள் இரண்டு செடிகளின் புது இலைகளையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். இச்செடிகளின் செல்களுக்குள் எண்ணெய்த் துளிகள் உண்டு, உலர்ந்தால் மறைந்துவிடும். உலர்ந்த மாதிரிகளோடே காலம் தள்ளிய நாங்கள் அவற்றைப் படித்திருந்தோம், பார்த்ததில்லை. அக்கா எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "உன் கட்சி பொழைக்கணும்னா இங்கதான் பொழைக்கணும். அழுகைய அப்புறம் வச்சுக்கோ, வந்து பாருடி."

ஒன்றில் திராட்சைக் கொத்துபோல் சில பெரிய துளிகள். மற்றதில் கடுகு சிதறியதுபோல் நிறைய. ஒரே பெட்டி, ஒரே குளிர், ஒரே வெளிச்சம். அப்படியும் அவை ஒன்றாகவில்லை.

அடுத்த கூட்டத்தில் அக்கா முதலில் எழுந்தார். "போன தடவை ஒண்ணுன்னு சொன்னேன். தப்பு. ரெண்டு. ஆனா நெறத்தைப் பத்தி நான் சொன்னது சரி, அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள். "மீதிய இவ சொல்லுவா" என்று உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நான் பேசினேன். இன்று அவரை நினைத்துக் கூடியிருக்கும் உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துக் கடைக்குப் போனேன். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பாட்டில் இல்லை. நான் பார்ப்பதைக் கவனித்த அவர் அப்பா, "காலியா வச்சே பழகிப்போச்சும்மா. செடி இருந்தா கொண்டா" என்றார்.

இப்போது என் மேசைக்கு வரும் புதியவர்கள் யாராவது, "இல்ல மேடம், நான் அப்படி நினைக்கல" என்றால், ஒரு கணம் எனக்குச் சுருக்கென்றிருக்கும். பிறகு எழுந்து ஸ்டூலை அவர்கள் பக்கம் தள்ளுவேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.